எல்லையில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி

ஃபிரிஸ்கோவில் நம்மூர்க்காரர்கள் ஆளுக்கொரு பதார்த்தத்தோடு கூடும் சனிக்கிழமை பாட்லக் என்றால், சாப்பாடு முடிந்ததும் நஞ்சப்பன் ரஷ்யாவை ஒரு கை பார்ப்பார். பாயசக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலேயே பேசுவார்.

"மொத நாளே ஒரு கோடு போட்டு, இதுக்கு மேல வராதேன்னு சொல்லியிருக்கோணுமுங்க. இந்த வெஸ்ட்காரங்க ஒவ்வொரு வாட்டியும் கோட்டைப் பின்னால தள்ளிட்டே போனா அவன் வராம என்ன பண்ணுவான்?"

எதிர்க்கட்சி, பக்கத்து வீட்டு மகாதேவன். மயிலாப்பூர்க்காரர்.

"நேட்டோ அவன் வாசல் வரைக்கும் வந்தா சும்மா இருப்பானா சார்? அவனுக்கும் நடுவுல கொஞ்சம் எடம், ஒரு பஃபர் ஸோன் வேணுமோல்லியோ?"

மகாதேவன் இதைப் பேச்சோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு வீட்டுக்கும் நடுவே நஞ்சப்பனுக்குச் சொந்தமான புல்தரை ஒன்று உண்டு. அங்கே ஊஞ்சல் போட்டு, மாலையில் காலாட்டிக்கொண்டு காபி குடிக்க வேண்டும் என்பது வீடு வாங்கியதிலிருந்து அவருடைய ஒரே ஆசை. போன வசந்தத்தில் ஒருநாள் பார்த்தால், அங்கே மகாதேவனின் கறிவேப்பிலைத் தொட்டி உட்கார்ந்திருந்தது.

"என் பக்கம் வெயிலே படறதில்லை சார். டெம்பரரிதான்."

நஞ்சப்பன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கோட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவர், தன் முறை வந்தபோது பல்லைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் முயலை அண்டவிடாது என்று தொட்டியைச் சுற்றி சாமந்தி வந்தது. சாமந்தியையும் முயல் தின்றதால் அதைச் சுற்றிக் கம்பிவலை வந்தது. ஒவ்வொரு முறையும் நஞ்சப்பன் வாட்ஸ்அப்பில் தன் ஆழ்ந்த கவலையைத் தெரிவித்தார். கடைசியில் தவறாமல் ஒரு கும்பிடும் போட்டார், பாவம்.

வலையையும் தாண்டி, நஞ்சப்பன் வீட்டுப் பக்கமாக மகாதேவன் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்ட அன்றுதான் நஞ்சப்பனுக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்குள் வந்து பொருளாதாரத் தடை அறிவித்தார்.

"இனிமே அந்த வீட்டோட கொடுக்கல் வாங்கலே கிடையாது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க" என்றாள் மனைவி வசந்தாமணி.

அன்றைக்கே ரசத்தில் பச்சைப் பசேலென்று கறிவேப்பிலை மிதந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"எதுத்த வீட்டு ஷ்யாமளா குடுத்தாங்க."

"அவிங்க வீட்டுல ஏது செடி?"

"அவிங்க மகாதேவன் வீட்டுல வாங்குனாங்க. நாம நேரா வாங்கலீங்களே? இண்டியன் ஸ்டோர் எலையில வாசமே இல்லீங்க."

தடை போட்டுவிட்டு ஐரோப்பா சுற்று வழியில் ரஷ்ய எண்ணெய் வாங்கியது என்று பாட்லக்கில் கிழிகிழியென்று கிழித்தவர் நஞ்சப்பன். இப்போது ரசத்தை உறிஞ்சினார். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டார்.

ஜனவரியில் மகாதேவன் கல்யாணம் ஒன்றுக்காகக் குடும்பத்தோடு சென்னை போயிருந்த நேரத்தில், கடுங்குளிர் எச்சரிக்கை வந்தது.

"ஏனுங்க, அந்தச் செடி இன்னிக்கு ராத்திரி தாங்காதுங்க."

"போகட்டும். ஒரு குண்டு போடாம நம்ம நெலம் நமக்கு வருது. ஊஞ்சல் ஆர்டர் பண்ணீரலாம்."

சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். காற்று செடியைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. இத்தனை மாதச் சாம்பாரும் சட்னியும் அந்தச் செடியிலிருந்துதானே வந்தன என்று நினைத்தபோது அவருக்கு என்னவோ செய்தது. தன்மேலேயே கோபம் வந்தது. எழுந்து போய், கராஜிலிருந்த புது காரை வெளியே எடுத்து நிறுத்தினார். தொட்டியை முதுகு நோக நோக உள்ளே இழுத்து வந்தார். தன் பழைய வேட்டியைப் போர்த்தி, பக்கத்தில் ஹீட்டரும் வைத்தார்.

மகள் கயல் கதவோரம் நின்று பார்த்தாள்.

"டாட், யூ கேவ் தெம் அவர் கராஜ்? நம்ம கராஜையே குடுத்தாச்சா?"

நஞ்சப்பன் ஹீட்டரைச் செடிக்கு இன்னும் கொஞ்சம் அருகே தள்ளினார். மறுநாள் கார் முழுக்க ஐஸ். கதவைத் திறக்க முடியாமல் ஆபீஸுக்கு லீவு போட்டார்.

சென்னையிலிருந்து திரும்பிய மகாதேவன் தொட்டியைக் காணாமல் தேடிக்கொண்டு நஞ்சப்பனின் கராஜுக்கு வந்தார். வேட்டி கட்டி நின்ற செடியைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களை என்னவோன்னு நினைச்சேன் சார். பெரிய மனசு."

நஞ்சப்பன் செடியின் வேட்டியை இழுத்துச் சரிசெய்தார். சண்டைக்குக்கூட ஆளில்லாமல் பாட்லக் இத்தனை வாரமாகச் சப்பென்று போனது நிஜம்தானே?

மகாதேவன் ஓர் இலையைத் தடவினார். கராஜை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இங்கே நன்னா செட்டிலாயிடுத்து. குளிர் போற வரைக்கும் இருக்கட்டுமே? டெம்பரரிதான். காருக்கு ஒரு கவர் வாங்கிப் போட்டுக்கோங்கோ."

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை நஞ்சப்பனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே வசந்தாமணி ரசம் தாளித்தாள். வாசனை கராஜ் வரை வந்தது.

நஞ்சப்பன் செடியைப் பார்த்தார். மகாதேவனைப் பார்த்தார்.

"இதுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தோணுமுங்க?" என்று கேட்டார்.