இறக்கத்தில் நியூட்ரல்

கல்குவாரி லாரி ஓட்டுகிறவனுக்குக் கார் ஓட்ட வராது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. மச்சானிடம் இரவல் வாங்கி வந்த எலெக்ட்ரிக் கார் சொல்லிவிட்டது. பாதி வழியில் பார்த்தால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தூரத்தைவிட இனி ஓடக்கூடிய தூரம் குறைவு. நம்பி வந்த சார்ஜ் போடும் இடத்திலோ மிஷின்மேல் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள்.

பக்கத்தில் மனைவி. வயிற்றுத் தையல் உறுத்தாமலிருக்க பெல்ட்டுக்கு அடியில் துண்டை மடித்து வைத்திருந்தாள். நாளுக்கு முந்திப் பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். இவளுக்குக் காய்ச்சல் கண்டதால் பிள்ளையிடம் விடாமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று நாலு மணிக்கு நெஞ்சில் போட்டுப் பார்க்கலாம், சப்பிக் குடித்தால் குழாயை எடுத்துவிடலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அதனால்தான் விரட்டினான். விரட்டியதில்தான் சார்ஜ் கரைந்தது. குவாரியில் அவனுக்குப் பெயரே ராக்கெட். முன்னால் போகிற வண்டியை முந்தாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவள், காரைக் கொடுத்த தன் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வேகத்தைக் குறைக்கச் சொன்னான். யாரையும் முந்த வேண்டாம், பிரேக் மிதிக்கிற அளவுக்கு யாரையும் நெருங்கவும் வேண்டாம், ஏசியை நிறுத்துங்கள், கண்ணாடியையும் நிறைய இறக்காதீர்கள் என்றான். பிறகு சந்தேகம் வந்து கேட்டான்.

"மாமா, இறக்கத்துல என்ன பண்றீங்க?"

"நியூட்ரல்தான். டீசல் மிச்சமாகும்ல."

"இதுல டீசல் எங்க மாமா இருக்கு?"

கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரம் சுற்றுகிற சுற்றே பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் என்றான். ராக்கெட்டுக்கு முகம் செத்துப்போனது. வந்த வழியில் இருந்த அத்தனை இறக்கத்தையும் சும்மா உருட்டித் தள்ளியிருந்தான்.

இடது ஓரமாக ஒதுங்கி ஓட்டினான். புத்திக்குப் புரிந்தது காலுக்குப் புரியவில்லை. பாரம் இழுத்துப் பழகிய கால், அதுபாட்டுக்கு அமுக்கியது. அவள் பல வருடம் தையல் கம்பெனியில் கரண்டு மிஷின் மிதித்தவள். அவன் முழங்காலில் கை வைத்தாள்.

"மெல்லிசுத் துணி தைக்கிறோம்னு நினைச்சுக்கோங்க. அமுக்குனா சுருங்கிடும்."

கால் கனத்தபோதெல்லாம் கையை லேசாகத் தூக்கினாள். அவனும் காலைத் தூக்கினான்.

குவாரிக் கூட்டாளி ஒருவன் லோடு லாரியில் முந்திப் போனான். போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "என்ன ராக்கெட், ஊர்வலமா?" என்றான். இவன் ஆமாம் என்று தலையாட்டி வைத்தான். வேறு நாளாக இருந்தால் அடுத்த வளைவிலேயே அவனுக்குப் பதில் கிடைத்திருக்கும்.

உள்ளே வெந்தது. அவள் ரவிக்கை வியர்வையில் நனைந்தது. கொஞ்ச நேரத்தில் பாலிலும் நனைந்தது. துண்டை மேலே இழுத்துக்கொண்டு, "இதுக்கு மணி பார்க்கத் தெரியுது" என்று சிரித்தாள். அவனுக்கு இப்போதுதான் காலை அமுக்க வேண்டும் போலிருந்தது. அமுக்கவில்லை.

நீண்ட இறக்கம் ஒன்று வந்தது. கை பழக்கத்தில் நியூட்ரலுக்குப் போய், பாதியில் திரும்பியது. தூரம் காட்டும் எண் நின்றது. பிறகு ஒன்று கூடியது.

"ஏறுதுங்க."

"சத்தம் போடாத, கண்ணு பட்டுடும்."

போய்ச் சேர்ந்தபோது நாலு தாண்டிவிட்டது. நர்ஸ் குழாயில் ஊற்றுவதற்கான பாலை ஊசிக்குழலில் ஏற்றி, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பசியிலதான் இருக்கான். வாங்க, வாங்க."

அவள் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கை அளவுத் தலையை நெஞ்சோடு வைத்தார்கள். பிள்ளை தேடியது, நழுவியது, சிணுங்கியது, மறுபடி தேடியது.

"குடிக்கிறானா?" என்றான் அவன்.

"கொஞ்சம் சும்மா இருங்க."

இருந்தான். பிள்ளையின் தொண்டையில் ஏதோ அசைந்தது. நின்றது. அவனும் மூச்சு விடாமல் நின்றான். மறுபடி அசைந்தது, அப்புறம் விட்டுவிட்டு அசைந்துகொண்டே இருந்தது. நர்ஸ் ஊசிக்குழலைத் தட்டில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்து அவன் பக்கமாகத் தள்ளினாள்.