அளவு ரவிக்கை

“நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எப்படி சாமி? தண்ணி ஊத்து,” என்றாள் செல்லாயி அத்தை.

சாரதாமணி செம்பைச் சாய்த்தாள். நாலு பெண்கள் சேலையைத் திரையாகப் பிடித்திருக்க, அம்மாவின் தோளில் தண்ணீர் வழிந்தது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள், அவ்வளவுதான். சேலத்தில் வாத்தியார் படிப்பு முடித்து ஓடி வந்தவளுக்கு அம்மாவோடு ஒரு வார்த்தை பேசக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

திரை விலகிவிடுமோ என்று பதறினாள். அம்மா மாரக்காள் ஆயுசில் ரவிக்கை போட்டவளில்லை. அவள் வயதில் புதுச்சத்திரத்தில் யார்தான் போட்டார்கள்? ஆனால் வாசலில் ஆண் நிழல் விழுந்தால் போதும், முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கொழுந்தனாரிடம்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேச்சு. அப்படியொரு கூச்சம்.

உச்சி வெயிலில் எடுத்துப் போனார்கள். ஆண்கள் குளித்துத் திரும்பியதும் அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

“கருமாதி முடியற வரைக்கும் படி தாண்டப்படாது. உத்தியோகம் எங்க ஓடிப் போவுது?”

ஓடித்தான் போகும். திங்கட்கிழமை பனமரத்துப்பட்டிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்கு. உத்தரவிலேயே எழுதியிருந்தது. இன்று சனி. அப்பா சென்னியப்பன் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, போனாலும் எதைப் போட்டுக்கொண்டு போவது? இருந்த இரண்டு ரவிக்கையும் அக்குளில் கிழிந்து தைத்து மறுபடி கிழிந்தவை. “தெனமும் இதேதானான்னு டவுன் புள்ளைங்க சிரிக்குதுங்கம்மா” என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னாள். அம்மா களியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தையற்காரர் அங்கமுத்து பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார்.

“வர்ற வழியிலதான் கேள்விப்பட்டனுங்க. சனிக்கிழமை சாயங்காலம் இது ஊட்டுல இருக்கோணும்னு அந்தம்மா சொல்லியிருந்தாங்க. வெச்சுக்க மனசு வரலீங்க.”

பிரித்தார். இரண்டு சீலை, மூன்று ரவிக்கை.

“கையில இருந்த காசுக்கு இவ்வளவுதாங்க வந்துச்சு. ஆனா எந்த ரவிக்கையும் ரெண்டு சீலைக்கும் சேரோணும்னு துணிக்கடைக்கு மூணு நடை நடந்தாங்களாமா. எம் மேசை மேல மாத்தி மாத்தி வெச்சு, திங்க, செவ்வான்னு வெரலை மடக்கி, சனி வரைக்கும் ஆறு நாளைக்கு ஆறு மாதிரி ஆச்சுன்னு சிரிச்சாங்க அம்மணி.”

அடேயப்பா! கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவா? சாரதாமணி ரவிக்கைகளைச் சீலைகளின் மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

“என் அளவு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

அங்கமுத்து தயங்கினார். சென்னியப்பனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அளவு ரவிக்கை கேட்டனுங்க. எல்லாம் சேலத்துல கெடக்குதுன்னாங்க. ‘எம் புள்ள என் ஒசரம், என் தோளு. என்னையே அளந்துக்கோ’ன்னு கடைக்குள்ள வந்து நின்னாங்க. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க. டேப்பு பட்டதும் ஒடம்பு வெடவெடன்னு நடுங்குச்சு. நிறுத்தட்டுங்களான்னேன். ‘நீ அள. வாத்தியாரம்மாளுக்குக் கச்சிதமா இருக்கோணும்’னாங்க.”

“ஐயோ, ஆம்பளைக்கு முன்னாடியா?” அத்தை வாயில் கைவைத்தாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

“அவளே கடைக்குள்ள போயி நின்னுட்டா,” என்றார். “நீ பனமரத்துப்பட்டி போறதுக்கு என்ன? போட்டுப் பாரு சாமி.”

அத்தை எழுந்து உள்கதவைத் திறந்துவிட்டாள்.

“திங்கக்கிழமைக்கு இதுன்னு மேல வெச்சாங்க,” என்று அங்கமுத்து அரக்கு ரவிக்கையை எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே போய்ப் போட்டுக்கொண்டாள். கழுத்து சரி. முதுகு சரி. தோள் தைத்து ஒட்டியதுபோல் நின்றது. கை மட்டும் தொளதொளவென்று இருந்தது. கிணற்றில் இறைத்து இறைத்து உரமேறிய அம்மாவின் கைக்கு எடுத்த அளவு; புத்தகம் தூக்கிய கைக்கு அது பெரிசு.

“கை லூசா இருக்குமே அம்மணி,” வெளியிலிருந்து அங்கமுத்துவின் குரல். “கொடுங்க, ரெண்டு தையல் போட்டுப் புடிச்சுத் தாரேன்.”

சாரதாமணி அந்த ரவிக்கைக் கைக்குள் தன் இன்னொரு கையின் விரல்களை நுழைத்துக்கொண்டு நின்றாள்.

“வேண்டாங்க,” என்றாள். “இருக்கட்டும்.”