எட்டுக் கோடு கோபம்

எங்கள் நிறுவனத்தில் கார் வாடகைக்கு எடுக்கிறவர்கள் பெட்ரோலையும் கோபத்தையும் எடுத்த அளவிலேயே திருப்பித் தர வேண்டும். டேஷ்போர்டில் இரண்டு முட்கள் இருக்கும். இடது முள் டேங்கில் உள்ள பெட்ரோலைக் காட்டும். வலது முள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவரின் கோபத்தைக் காட்டும். இரண்டுக்கும் எட்டு எட்டுக் கோடு. வண்டி வெளியே போகும்போது ஒரு முறையும் உள்ளே வரும்போது ஒரு முறையும் இரண்டையும் பார்த்துப் படிவத்தில் எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடம் நான்கு மாதமாகச் செய்கிறேன். முப்பத்தோராயிரத்து அறுநூற்று எட்டுப் படிவங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றைத் தவிர எதிலும் அடித்தல் திருத்தல் கிடையாது.

பெட்ரோல் குறைந்திருந்தால் எதிர்ப்புறம் இருக்கும் பங்கில் போட்டுக்கொண்டு வரச் சொல்லிவிடுவோம். கோபம் குறைந்திருந்தால் அப்படி அனுப்ப முடியாது. அதற்காக விட்டுவிடவும் முடியாது. கோபம் இல்லாமல் உள்ளே வந்த வண்டியில் மறுநாள் ஹார்ன் அடிக்காது. வண்ணார்பேட்டை நெரிசலைத் தாண்ட ஹார்ன் வேண்டும்.

பெரும்பாலும் குறையாது. குடும்பத்தோடு சுற்றுலா போய்வருகிறவர்கள் கூடுதலாகத்தான் கொண்டுவருவார்கள். கூடுதலை ஷெட்டுக்குப் பின்னால் உள்ள நீல டிரம்மில் பிடித்துவைப்போம். குற்றாலத்தில் சீசன் இருக்கும்போது வாரத்துக்கு ஒரு டிரம் நிரம்பும்.

குறைவாகக் கொண்டுவருகிறவர்களைப் பேச்சித்தாயிடம் விடுவோம். பேச்சித்தாய் வண்டி கழுவுகிறவர். கையில் குழாயைப் பிடித்தபடியே இரண்டு வார்த்தை பேசுவார். முள் தானாக ஏறிவிடும். கணக்கு முடிக்கும் நான்கு மணிக்குள் அவராலும் ஆகவில்லையென்றால் மேனேஜர் ஜெபசிங் டிரம்மிலிருந்து ஊற்றச் சொல்வார். டிரம்மில் இருப்பது யார் யாருடையதோ. யார் மேல் உள்ளது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஊற்றியவுடன் பக்கத்தில் நிற்கிறவர் மேல் போய்ப் பிடித்துக்கொள்ளும். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவருக்கு மூன்று கோடு ஊற்றினோம். கூட வந்திருந்த மைத்துனரோடு அவருக்கு இன்று வரை பேச்சு வார்த்தை இல்லை. மைத்துனரின் மனைவி மாதத்துக்கு ஒரு தடவை வந்து, "அது யாரு கோவம்னாவது சொல்லுங்களேன்" என்று கேட்பார். எல்லாம் கலந்து கிடப்பதால் சொல்ல முடிவதில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்புவோம்.

பதினோராம் தேதி காலை ஏழு நாற்பதுக்கு அருள்வடிவு டீச்சர் ஒரு வெள்ளைக் காரை எடுத்தார். ஓய்வு பெற்றவர். எட்டயபுரம் போய்விட்டு மறுநாள் வருவதாகச் சொன்னார். நான் பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகாதவன். முள்ளைத்தான் பார்த்தேன். எட்டாவது கோட்டில் அசையாமல் நின்றது. இத்தனை வருடத்தில் முழு எட்டும் நான் எழுதியது அது நான்காவது தடவை.

"நல்லா எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "பத்தொம்பது வருசமா சேத்து வச்சது. எங்கப்பா செத்ததுக்கு எங்கக்கா எனக்கு ஒரு போஸ்ட்கார்டு போட்டா. கார்டு வந்து சேரும்போது பதினாறாம் நாள் முடிஞ்சிட்டு. இன்னைக்கு அவ வாசல்ல நின்னு கேக்கப் போறேன்."

"அதே அளவுல கொண்டாரணும்" என்றேன்.

"கொறையாது" என்றார்.

மறுநாள் மூன்று பத்துக்கு வண்டி உள்ளே வந்தது. சுற்றி வந்து பார்த்தேன். கீறல் இல்லை. பெட்ரோல் சரியாக இருந்தது. வலது முள் கீழே படுத்திருந்தது. கண்ணாடியில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். எழவில்லை. முன்சீட்டில் இன்னொரு அம்மாள் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் எங்கக்கா ஆவுடையம்மா" என்றார் டீச்சர். "இனி என்கூடத்தான் இருப்பா. கூட்டிட்டு வந்துட்டேன்."

"எட்டு கோடு கொறையுது" என்றேன்.

"என்ன செய்ய அண்ணாச்சி? வாசல்ல நின்னு கத்தினேன். அவளுக்குக் காது சுத்தமா கேக்கல. காதுல விழணும்னா பக்கத்துல போயி உக்காந்துலா கத்தணும்? உக்காந்தேன். அம்புட்டுதான்."

பேச்சித்தாயைக் கூப்பிட்டேன். குழாயை மூடாமலே வந்தார். விவரத்தைக் கேட்டுக்கொண்டு டீச்சர் பக்கக் கதவில் சாய்ந்து நின்றார்.

"ஏன் டீச்சர், பெத்த அப்பன் செத்ததுக்கு அம்பது பைசா கார்டு போட்டவள முன்சீட்டுல ஏத்தி ஊர்கோலம் கூட்டிட்டு வாரியளே, இத்தன வருசம் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்திய?"

முள் ஒரு கோடு ஏறியது.

"தந்தி ஆபீஸ் என்ன, சந்திரமண்டலத்துலயா இருந்துச்சு? உங்க மேல உள்ள பிரியம் கார்டு வெலதான்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சுல்லா?"

ஒன்றரை ஆனது. அப்போது ஆவுடையம்மாள் தங்கையின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்து வெளியே போட்டார். பேச்சித்தாயைப் பார்த்துச் சிரித்தார். "யாருளா இந்தப் பிள்ளை? எவ்வளவு நேரமா கரிசனமா விசாரிக்கி" என்று உரக்கக் கேட்டார். டீச்சர் சிரித்துவிட்டார். முள் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

பேச்சித்தாய் இன்னும் ஐந்து தடவை முயன்றார். டீச்சரின் சேலையைச் சொன்னார், வண்டி ஓட்டும் லட்சணத்தைச் சொன்னார், வாத்தியார் குலத்தையே சொன்னார். அதிகபட்சம் முக்கால் கோடு. "எனக்கு வாய் வறண்டு போச்சு. இவுகள ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

மூன்று ஐம்பதுக்கு ஜெபசிங் புனலும் குவளையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"எட்டுக் கோடும் டிரம்மிலதான் எடுக்கணும். அண்ணாச்சி, படிவத்த ரெடி பண்ணுங்க."

டீச்சர் புனலைப் பார்த்தார். "இத ஊத்தினா?"

"கூட நிக்கவங்க மேல கோவம் வரும் மேடம். உங்களுக்குப் பழக்கம்தானே?"

"எம்புட்டு நாளைக்கு?"

"எட்டுக் கோடுல்லா. இருபது வருசம் தாங்கும்."

டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார். அக்காவுக்கு எழுபத்தொன்று. கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. "சார், நான் வேணும்னா அவள ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திட்டு வரட்டா?" என்றார்.

"கோவம் ரோட்டைத் தாண்டும் மேடம்."

நான் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் எதையும் விடமாட்டேன். ஆறாவது விதி, வண்டியை ஒப்படைக்கும்போது ஸ்டியரிங்கில் இருப்பவரின் அளவு சரியாக இருக்க வேண்டும் என்றது. எடுத்தவரே இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. இரண்டு தடவை படித்து உறுதி செய்துகொண்டேன்.

"சார்" என்றேன். அன்றைக்கு ஜெபசிங்கிடம் நான் பேசிய முதல் வார்த்தை. "நான் ஒக்காருதேன்."

ஜெபசிங்கும் ஆறாவது விதியைப் படித்தார். மணியைப் பார்த்தார். "ஒக்காருங்க" என்றார்.

டீச்சர் இறங்கி அக்காவையும் இறக்கினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். வண்டிகளின் உள்ளே எட்டிப் பார்த்ததுண்டே தவிர ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததில்லை. முள் பூஜ்யத்தில் இருந்தது. எனக்குள் இருப்பதை நான் மேலே வர விட்டதில்லை, ஆனால் கணக்கு வைத்திருக்கிறேன். மொத்தம் பதினேழு. ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஒண்ணு. ரெண்டாயிரத்து மூணு, சனவரி ஒண்ணு. கம்பெனியில போட்டோ எடுத்தாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னாங்க. தள்ளி நின்னேன். போட்டோவுல என் இடது முழங்கை மட்டும்தான் இருக்கு."

முள் அரைக் கோடு ஏறியது. இரண்டும் மூன்றும் பஸ் சம்பந்தப்பட்டவை. நான்காவது என் சகலை வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் பாயச வாளி என் இலையைத் தாண்டிப் போனது, இரண்டு தடவை.

ஆவுடையம்மாள் தங்கையை இடித்து, "அந்தத் தம்பி என்னளா சொல்லுது?" என்று கேட்டார்.

டீச்சர் அவர் காதில் வாயை வைத்து, "பாயசம் கெடைக்கலயாம்!" என்று கத்தினார். ரோட்டில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அதற்கே தனியாக ஒரு கோடு ஏறியது.

ஒன்பதாவதில் முள் நான்கைத் தொட்டது. பதினொன்றாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ரெண்டாயிரத்துப் பதினாலு, ஆவணி ஏழு. என் சாப்பாட்டுத் தூக்கைத் தெறந்து பாத்து, இத மனுசன் திம்பானான்னு கேட்டு மூடினது. மறுநாள்லேர்ந்து பஸ்ஸுலயே தின்னுட்டு வாரேன்."

"அது நான் வெளையாட்டுக்குச் சொன்னதுலா" என்றார் பேச்சித்தாய்.

"பதினொண்ணு" என்றேன்.

பேச்சித்தாய் குழாயை மூடினார்.

பதினான்கு, பதினைந்து, பதினாறு ஆகிய மூன்றும் ஜெபசிங் வாடிக்கையாளர்கள் முன்னால் என்னைப் 'பெருசு' என்று கூப்பிட்டவை. தேதியை மட்டும் சொன்னேன். அவர் புனலை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். முள் ஏழரையில் இருந்தது. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

பதினேழாவதை அவர்களுக்குச் சொல்லவில்லை. குனிந்து ஸ்டியரிங்குக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். முள் எட்டில் போய் நின்றது. ஜெபசிங் எட்டிப் பார்த்து ஹார்னை ஒரு தடவை அழுத்தினார். நன்றாக அடித்தது.

"சரியா இருக்கு" என்றார். "படிவத்த முடிங்க."

ஒப்படைப்பவர் என்ற இடத்தில் கொம்பையா என்று என் பெயரை எழுதினேன். எடுத்தவர் பெயரும் ஒப்படைப்பவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. ஆகவே மேலே அருள்வடிவு என்று இருந்ததை ஒரே கோட்டில் அடித்து, அங்கும் கொம்பையா என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். என் முதல் திருத்தம். பதினோராம் தேதியும் பன்னிரண்டாம் தேதியும் நான் வண்டியோடு வெளியூர் போயிருந்தேன் என்று ஆனதால், ஜெபசிங் வருகைப் பதிவேட்டில் அந்த இரண்டு நாளுக்கும் எனக்கு விடுப்பு போட்டார். உடன் வந்தவர் எத்தனை என்ற கட்டத்தில் ஏற்கெனவே நான் ஒன்று என்று எழுதியிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"அப்போ நான் கார் எடுக்கவே இல்லையா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல மேடம்" என்றார் ஜெபசிங்.

"சரி. நாங்க ஆட்டோவுல போயிக்கிடுதோம்."

போகும்போது ஏதோ சொல்ல என் பக்கம் வந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கையைப் பிடித்து ஆட்டோவுக்குக் கூட்டிப் போனார். ஆட்டோவில் ஏறிய பிறகும் அக்காவின் காதில் எதையோ கத்திக்கொண்டே போவது ரவுண்டானா வரை கேட்டது. பேச்சித்தாய் என்னிடம் வந்து, "நாளைக்குத் தூக்கை இங்க வச்சே தெறங்க அண்ணாச்சி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. என் மனைவி பிச்சம்மாள் கதவைத் திறந்தாள்.

"ரெண்டு நாளா ஒரு தகவலும் இல்ல. எங்க போனிய?"

"எட்டயபுரம்."

"மயினி எப்படி இருக்காவ?"

எனக்கு அக்கா கிடையாது. கூடப் பிறந்தவர்கள் இரண்டு தம்பிகள். ஆனால் படிவத்தில் உடன் வந்தவர் ஒன்று என்று இருக்கிறது.

"காதுதான் கேக்கல. மத்தபடி நல்லா இருக்கா" என்றேன்.

"தனியா அங்க கெடந்து என்ன செய்ய? கையோட கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

"வந்திருக்கா" என்றேன்.

எனக்குப் பின்னால் ஓர் அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாகச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தார். என் உயரம்தான். பிச்சம்மாள் இன்னொரு தட்டு எடுக்க உள்ளே போனாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் படிகளை எண்ணியபடியே ஏறி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அஞ்சு" என்றார்.

சரியாக இருந்தது.