முதல் முயற்சியில் பிழை இல்லை

அன்று காலை ஒன்பதரைக்கு உளவியல் ஆய்வகத்தில் இருந்தவர்கள்: வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் துறையின் சொந்த ஆசிரியரான சராசரி சார், சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு நின்ற ஆய்வக உதவியாளர், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பதினொரு பேர், அவர்கள் ஆளுக்கொருவராகக் கூட்டி வந்திருந்த பதினொரு சப்ஜெக்ட்டுகள், இவர்கள் யாரோடும் சேராத அரியர் அக்கா, அவளுடைய சித்தி.

சப்ஜெக்ட் என்றால் சோதனைக்கு உட்காரும் ஆள். உளவியல் பட்டப்படிப்பில்தான் பரீட்சைக்குப் போகும்போது பேனா, ஹால் டிக்கெட்டோடு ஒரு மனிதரையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்த மனிதர் உளவியல் படித்தவராக இருக்கக் கூடாது, அந்தச் சோதனையை முன்பு செய்தவராகவும் இருக்கக் கூடாது. சிலர் அண்ணனை அழைத்து வந்திருந்தார்கள், சிலர் அறைத் தோழியை. ஒருவன் வீட்டு உரிமையாளரையே பிடித்து வந்துவிட்டான். அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் தொடங்கவேயில்லை.

அரியர் அக்காவுக்கு இருபத்துநான்கு வயது. மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடமாகப் படிக்கிறாள் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டாள், இப்போது புதிதாக யாராவது வந்தால்தான் சொல்கிறாள். மற்ற எல்லாத் தாளும் தேறியாகிவிட்டது. பாக்கி இந்தச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான். முதல் தடவை கூட்டிவர இருந்த ஆள் வரவேயில்லை. இரண்டாம் தடவை ஆள் வந்தாள், ஆனால் பாதியில் அழைப்பு வந்து கிளம்பிவிட்டாள். மீதி எண்களை அரியர் அக்கா தானே எழுதினாள். எல்லாரும் ரெக்கார்டு நோட்டில் செய்வதுதான். மூத்தவர்களின் நோட்டிலிருந்து எடுத்து, இங்கே இரண்டு கூட்டி அங்கே ஒன்று குறைத்து எழுதுவது. அவளுடைய வரைபடம் மட்டும் கொஞ்சம் அதிக அழகாக வந்துவிட்டது. படிக்கட்டு மாதிரி ஒரே சீராக இறங்கியது. அப்போது வந்த தேர்வாளர் அதைப் பார்த்துச் சிரித்தார், சிரித்துக்கொண்டே பெயிலாக்கினார். இது மூன்றாவது தடவை. அடுத்த வருடம் பாடத்திட்டம் மாறுகிறது. இன்றைக்குப் போனால் பட்டம் போயிற்று. பேச்சு தாமதமாகும் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் அவளுக்காக ஓர் உதவியாளர் வேலையை இந்த மாதக் கடைசிவரை வைத்திருந்தார்கள். சான்றிதழ் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

வருவதாக இருந்த தோழிக்குக் காலையில் காய்ச்சல். சித்தி அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பேருந்தில் அரியர் அக்கா எல்லாவற்றையும் சரிபார்த்தாள். நன்றாகத் தூங்கினாயா, சாப்பிட்டாயா, மூக்குக்கண்ணாடி எடுத்துக்கொண்டாயா, இடது கைப் பழக்கம் ஏதாவது உண்டா.

"என்னடி, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி கேக்கற?" என்றாள் சித்தி. "என்னை வச்சு என்னதான் பண்ணப் போற?"

"குலுக்கல்ல எது வருதோ அது. ஒண்ணும் வலிக்காது."

"இத நான் ஒரு நாளைக்கு இருபது பேர்கிட்ட சொல்றேன்."

ஆய்வகத்தில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கைவிட்டு அரியர் அக்கா எடுத்த சீட்டில் 'கண்ணாடி வழி வரைதல்' என்று இருந்தது. நிம்மதியாக இருந்தது. இருப்பதிலேயே எளிய சோதனை. ஒரு பலகையில் நட்சத்திர வடிவில் குறுகிய பாதை. அதற்கு எதிரே நிமிர்த்தி வைத்த கண்ணாடி. கையை நேராகப் பார்க்க முடியாதபடி நடுவில் ஒரு தடுப்பு. கண்ணாடியில் பார்த்தபடியே உலோகப் பேனாவால் அந்தப் பாதையில் ஒரு சுற்று வர வேண்டும். பாதையின் ஓரத்தைத் தொட்டால் 'ட்ர்ர்' என்று சத்தம் வரும், அது ஒரு பிழை. மேலே போக நினைத்தால் கை கீழே போகும். முதல் தடவை எல்லாருமே முட்டி மோதுவார்கள், ஒன்றரை நிமிடம், முப்பது பிழை. பத்தாவது தடவைக்குள் கை பழகிப் பிழை குறையும். கற்றல் என்றால் என்ன என்பதை அந்த இறங்குகிற கோடு காட்டும். அவ்வளவுதான் சோதனை.

படிவத்தில் பெயர், வயது, தொழில். தொழில் என்ற இடத்தில் 'பல் மருத்துவமனை ஊழியர்' என்று எழுதும்போதுகூட அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"ஆரம்பிக்கலாம்" என்று நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினாள். சித்தி பேனாவைப் பிடித்தாள். முழுக்கையால் பிடிக்கவில்லை, மூன்று விரல் நுனியால் பிடித்தாள். சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றிக்கொண்டாள். பேனா நட்சத்திரத்தின் ஒரு முனையிலிருந்து கிளம்பி, வளைவுகளில் வேகம் குறைத்து, ஒரு சத்தமும் இல்லாமல் புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றது. இருபத்திரண்டு விநாடி. பிழை பூஜ்யம்.

"இவ்ளோதானா?" என்றாள் சித்தி.

"சித்தி, இதுக்கு முன்னாடி எங்கயாவது இதைப் பண்ணியிருக்கியா?"

"இதையா? இல்லையே. ஆனா மேல் பல்லுக்குப் பின்பக்கம் எல்லாம் குட்டிக் கண்ணாடியிலதானே பாக்கறோம். பத்தொம்பது வருஷமா தலைகீழாத்தான் சுத்தம் பண்றேன். எனக்கு இது நேராத்தான் தெரியுது."

ஒரே வீட்டில் பத்து வருடமாக இருக்கிறார்கள். சித்தி வேலை பார்ப்பதை அரியர் அக்கா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஓரக்கண்ணால் தேர்வாளரைப் பார்த்தாள். அவர் தூரத்து மேசையில் வீட்டு உரிமையாளருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டாவது முயற்சி: பத்தொன்பது விநாடி, பூஜ்யம்.

அவள் இரண்டு பூஜ்யத்தையும் அட்டவணையில் எழுதினாள். போன தடவை பொய்யான எண்கள் உண்மையைவிட அழகாக இருந்தன, பிடித்துவிட்டார்கள். இப்போது எண்கள் உண்மை. பத்து பூஜ்யத்தை வரிசையாக எழுதிக் கொடுத்தால் யார் நம்புவார்கள்? ஏற்கெனவே பழக்கிக் கூட்டி வந்திருக்கிறாள் என்பார்கள். நம்பினாலும், பழகிய கையைச் சோதனைக்கு உட்கார வைத்ததே தவறு என்பார்கள். எழுந்துபோய்ச் சொல்லலாம். சொன்னால் வேறு ஆளைக் கொண்டுவா என்பார்கள். பதினொரு மணிக்கு ஆளுக்கு எங்கே போவது? போன மாதம்தான் 'சோதிப்பவரின் எதிர்பார்ப்பு சோதனையின் முடிவை எவ்வாறு பாதிக்கும்' என்று ஜூனியர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். பத்து மதிப்பெண் கேள்வி அது, அவளுக்கு மனப்பாடம். அது எல்லாம் ஒரு பக்கம் இருக்க, அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"சித்தி, கொஞ்சம் தப்பா போடு."

"என்னது?"

"அங்கங்க ஓரத்துல இடி. முதல்ல நிறைய, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறை."

"தப்பு பண்ணாம இருக்கத்தான்டி எனக்குச் சம்பளமே குடுக்கறாங்க."

"ப்ளீஸ் சித்தி. இது போனா எல்லாம் போச்சு."

சித்தி அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். மூன்றாவது முயற்சியில் நான்கு பிழை. வேண்டுமென்றே தட்டியது அப்பட்டமாகத் தெரிந்தது, வீட்டுக் கதவைத் தட்டுவது போல ஒழுங்கான இடைவெளியில். நான்காவதில் ஆறு. ஐந்தாவதில் பேனா ஒரு முனையில் நின்றுவிட்டது. சித்தி நெற்றியைச் சுருக்கினாள். பேனா இடப்பக்கம் போய், திரும்பி, மறுபடி இடப்பக்கமே போனது. பதினொரு பிழை. "இப்ப குறை" என்று அரியர் அக்கா உதடு அசையாமல் சொன்னாள். சித்தி தலையாட்டினாள். ஆறாவதில் பதினேழு. ஏழு, எட்டு, ஒன்பது என்று சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். ஊன்றியிருந்த சுண்டுவிரல் பலகையை விட்டு எழுந்துவிட்டது. பத்தாவது முயற்சி ஒரு நிமிடம் நாற்பது விநாடி, பிழை முப்பத்தொன்று. சித்தியின் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது.

வரைபடத்தாளில் கோடு பூஜ்யத்தில் தொடங்கி மலையேறியது. புத்தகத்தில் உள்ள படத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல.

கடைசியாக ஒரு பகுதி உண்டு. சோதனையின்போது மனத்தில் என்ன ஓடியது என்று சப்ஜெக்ட் சொல்ல வேண்டும், மாணவர் அதைச் சொன்னபடியே எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் எல்லாரும் இங்கே ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள்: முதலில் கடினமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அதை எழுத முடியாது. சித்திக்கு நேர்மாறாக நடந்திருந்தது.

"என்ன எழுதணுமோ எழுதிக்கோ, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றாள் சித்தி. வலது கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தாள்.

"கடைசியில குறைக்கச் சொன்னேனே, ஏன் சித்தி கூட்டிக்கிட்டே போன?"

"நான் எங்கடி கூட்டினேன்?"

"அப்ப வேணும்னு பண்ணலையா?"

"நாலாவது வரைக்கும் வேணும்னுதான் பண்ணேன். அதுக்கப்புறம் எது வேணும்னு பண்ணது, எது தானா வந்ததுன்னு எனக்கே தெரியல. கை எந்தப் பக்கம் போகும்னு யோசிச்சேன் பாரு, அங்கதான் கெட்டுது. இவ்ளோ வருஷத்துல ஒரு நாள்கூட யோசிச்சதில்ல."

மேசை மேசையாகத் தாள்களைப் பார்த்துக்கொண்டு வந்த சராசரி சார் குனிந்து வரைபடத்தைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் சராசரியில் தொடங்கிச் சராசரியில் முடிப்பவர் என்பதால் அந்தப் பெயர். துறையின் தேர்ச்சி விழுக்காடு அவருடைய தனிப்பட்ட கவலை.

"களைப்புன்னு எழுதிடும்மா" என்றார் தணிந்த குரலில். "புத்தகத்துலயே இருக்கு. களைப்பு வந்தா பிழை ஏறும். அவர் ஒண்ணும் கேக்க மாட்டார். உன்னை இன்னொரு வருஷம் இங்க பாக்க எனக்குத் தெம்பில்ல."

அவர் போன பிறகு அவள் 'களைப்பு' என்று எழுதப் பேனாவை எடுத்தாள். இருபது விநாடி வேலையைப் பத்துத் தடவை செய்ததில் களைப்பா? நாள் முழுக்க நின்றுகொண்டு அடுத்தவர் வாய்க்குள் பார்க்கிறவளுக்கா? பொய் சொல்ல அவளுக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை, அதைத்தான் போன வருடமே செய்தாயிற்று. எந்தப் பொய் என்பதுதான் பிடிபடவில்லை. நடந்தது என்னவென்று தெரிந்தால்தானே அதை மறைக்க ஒரு பொய் கிடைக்கும். இன்னும் ஐந்து நிமிடம் என்று உதவியாளர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். அவள் சித்தி சொன்னதை, தான் காதில் சொன்னதையும் சேர்த்து, அப்படியே எழுதினாள். வேறு வாக்கியம் எதுவும் கையில் வரவில்லை. சித்தி கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணியிருந்ததா, எப்போதுமே அப்படித்தானா என்று அரியர் அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு அவளைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். தேர்வாளர் தாளை முன்னும் பின்னும் புரட்டினார்.

"உங்க சப்ஜெக்ட் கத்துக்கல. தெரிஞ்சதை மறந்துக்கிட்டே போயிருக்காங்க. அப்படித்தானே?"

"ஆமா சார். இல்ல சார். மறந்தாங்களான்னு தெரியல."

"நீங்க சொல்லித்தான் தப்பு பண்ணாங்கன்னு எழுதியிருக்கீங்க. இது யாரு எழுதச் சொன்னது?"

"அவங்க சொன்னதை எழுதணும்னுதானே சார் இருக்கு."

சராசரி சார் ஜன்னலைப் பார்த்தார்.

"இந்தப் பத்துல எதை நம்பலாம்?"

"முதல் ரெண்டை."

"அதை வச்சு என்ன முடிவு எழுதுவீங்க?"

அவள் யோசித்தாள். "அவங்க வேலை அவங்களுக்குத் தெரியும்னு."

"மீதி எட்டை வச்சு?"

அவள் வரைபடத்தில் ஏறிப்போன கோட்டைப் பார்த்தாள். தேர்வாளர் இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார், அதட்டப் போகிறாரா சிரிக்கப் போகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். இடது கையால் மறைத்துக்கொண்டு மதிப்பெண் தாளில் ஏதோ எழுதினார். இரண்டு இலக்கமாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். போகலாம் என்றார். முடிவு வர நான்கு வாரம் ஆகும்.

பேருந்தில் சித்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.  வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து, கட்டைவிரலை ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டிருந்தாள், அடுத்த வீட்டுப் பிள்ளையை யாரோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது போல.

"பாஸா?" என்றாள்.

"தெரியல."

"நல்லா படிச்ச போ. எதைக் கேட்டாலும் தெரியல."

"உன் கை எப்படி இருக்கு?"

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டுச் சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அரியர் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு மணிக்கு ஒருத்தர் வர்றார். மேல் வரிசைப் பல் முழுக்கக் காரை. கண்ணாடி இல்லாம ஆகாது."

வீட்டுக்குப் போகச் சொல்லியும் கேட்காமல் அவளும் கூடவே மருத்துவமனைக்குப் போனாள். காத்திருப்பறையில் ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்தபடி மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி பச்சை மேலங்கியை மாட்டினாள். கையைக் கழுவினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினாள் என்று பட்டது, வழக்கம் எவ்வளவு என்று அவள் என்றைக்கும் கவனித்ததில்லை. கையுறையை இழுத்துவிட்டு, பெரியவரை உள்ளே அனுப்பினாள்.

"நானும் உள்ள வரட்டுமா சித்தி? ஓரமா நிக்கறேன்."

"வேணாம். நீ நின்னா எண்ணுவ."

"எண்ண மாட்டேன்."

"நீ எண்ணலைன்னாலும் எனக்கு எண்ணற மாதிரியே இருக்கும். போ, போய் உக்காரு."

உள்ளே பெரியவர் "வலிக்குமாம்மா?" என்று கேட்டார். சித்தி பதில் சொன்னது கேட்கவில்லை. அந்த அறையின் கதவு தானாகத் திறந்துகொள்ளும், நோயாளி இருக்கும்போது உள்பக்கம் பூட்டிக்கொள்வதுதான் பழக்கம். சித்தி கதவைச் சாத்தினாள். ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு தாழ்ப்பாள் துளையைத் தேடி மரத்தில் ஒருமுறை இடித்து, இரண்டாம் முறை உள்ளே போய் விழுந்தது.