சுமை முடிச்சு

நூபியா இறந்துபோன அப்பாவின் தாடையைத் துணியால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணன் அர்னுல்ஃபோ வாசலை மறித்து நின்றான்.

"அந்த நர்ஸுக்குப் போன் பண்ணிட்டியாடி?"

"எஸ்தேலா யருமால் டவுன்ல இருந்து வண்டியோட கிளம்பிட்டா. மதியத்துக்குள்ள அப்பாவை மெடெயின் நகரத்துப் பல்கலைக்கழகத்துல சேர்க்கணுமாம். லேட்டானா மூளை கெட்டுப்போயிரும், ஆராய்ச்சிக்கு ஆகாது."

"மண்டையைப் பிளக்க விடமாட்டேன். என்னைப் பெத்தவரை முழுசாத்தான் புதைப்பேன். நம்ம வம்சத்துக்கே மறதி வரட்டும்னு பாதிரியார் விட்ட சாபத்தைக் கத்தி வச்சு எடுத்துருவாங்களா?"

"சாபம் என்னண்ணே சாபம்! பால் கேனைக் கழுவாம போட்டா அடியில கெட்டியா ஒட்டிக்கிடுமே, அது மாதிரி மூளையில ஒரு புரதம் படியுதாம். உள்ள நூல் நூலா சிக்கு விழுந்து, விஷம் மாதிரி ஒவ்வொரு செல்லா சாகடிக்குதாம். ரத்தத்துல வர்றது. சித்தப்பாவுக்கு வந்துச்சு, அப்பாவுக்கு வந்துச்சு..."

அவள் துணி முடிச்சை இறுக்கினாள்.

"பரிசோதனைக்குன்னு நம்ம ரத்தத்தையும்தான் உறிஞ்சிட்டுப் போனாங்க. நமக்கு இருக்கா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எவனாச்சும் வாயைத் திறந்தானா?"

மூத்த மகன் கையெழுத்துப் போடாமல் அப்பாவின் தலையை யாரும் தொட மாட்டார்கள். உள்ளே அவள் மகள்கள் இருவரும் சோளமாவு பிசையும் சத்தம் கேட்டது.

கோவேறு கழுதையில் பால் கேன் ஏற்றியே வாழ்ந்த மனிதர் அப்பா. நோய் முதலில் தெரிந்தது கயிற்றில்தான். ஒருநாள் சுமை கட்டக் கயிற்றை எடுத்தவர், முடிச்சுப் போட வராமல் கழுதை முன்னால் நின்று சிரித்தார். "இந்தக் கயிறு புதுசா?" என்றார். இற்றுப்போன பழைய கயிறு அது. வீடே சேர்ந்து சிரித்தது. அப்போது அவருக்கு அண்ணனின் இப்போதைய வயது. கடைசியில் கஞ்சியை விழுங்கவும் மறந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்து செத்தார்.

கீழே சாலையில் ஹாரன் அடித்தது. மழை பாதையை அரித்திருந்ததால் வண்டி மேலே வர வழியில்லை. பிணத்தைத் தொங்கு படுக்கையில் கிடத்திக் கம்பில் கட்டித்தான் இறக்க வேண்டும்.

"வண்டி கிடக்கட்டும். நேரா மாதா கோயிலுக்குத்தான்" என்றான் அர்னுல்ஃபோ.

பக்கத்துத் தோட்டத்து எலியேசரும் அவன் தம்பியும் வெல்லத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து நின்றார்கள். தலைமாட்டுப் பக்கத்தை மகன் கட்ட வேண்டும். அர்னுல்ஃபோ கயிற்றைக் கம்பில் சுற்றினான். அவிழ்த்தான். மறுபடி சுற்றினான்.

"என்னய்யா, கல்யாணப் பொண்ணுக்குச் சடை பின்னுறியா?" என்றான் எலியேசர். "உங்கப்பன் இந்நேரம் அத்தனை கேனையும் கட்டிட்டு மலையைத் தாண்டியிருப்பான்."

அர்னுல்ஃபோ சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நூபியாவுக்குத் தெரியும், அன்று கழுதை முன்னால் அப்பா சிரித்த சிரிப்பு. தினமும் விடிகாலையில் பால் கேனுக்கு இருட்டில் தடவியே அவன் போடுகிற முடிச்சு அது.

அவள் மண்டியிட்டுக் கயிற்றை வாங்கி இறுக்கிக் கட்டினாள். அவன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வடிந்துபோயிருந்தது.

"வண்டி இன்னும் நிக்குதா?"

"நிக்குது."

"முதல்ல அங்க போவோம். அந்த நர்ஸ்கிட்ட பேனா இருக்கான்னு கேளு."

கம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். நூபியா பின்னால் வந்தாள். தொங்கிய கயிற்று நுனியை அர்னுல்ஃபோ ஒற்றைக் கையால் பிடித்து, நடந்துகொண்டே பெருவிரலில் ஒரு வளையம் போட்டுப் பார்த்தான். அது பிரிந்தது. மறுபடி போட்டான்.