நாற்காலி மாறி உட்காருங்கள்

குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசனை அறையில் மேசை கிடையாது. மேசை இருந்தால் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சண்டை போடத் தோன்றுமாம். அதனால் மூன்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மூன்று நாற்காலியில் என்ன வட்டம் வரும் என்று யாரும் கேட்கவில்லை. சுவரில் ‘காயத்தை ஆற்றுவதே நீதி’ என்று பெரிய எழுத்தில் ஒரு வாசகம்.

விவாகரத்து கேட்டு மனு போட்டவள் அவள்தான். பல்செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை. வழக்கை வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடிக்காமல், மனசை ஆற்றி அனுப்ப வேண்டும் என்பது அந்த நீதிபதியின் கொள்கை. நல்ல கொள்கைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘சேர்ந்து வாழ இன்னும் வழி இருக்கிறது’ என்று ஆலோசகர் எழுதிவிட்டால், ஆறு மாதம் அதே வீட்டில் இருந்து பார்க்கச் சொல்வார்கள். இன்றுதான் கடைசி அமர்வு. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக அவளால் முடியாது.

புருஷன் குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். இன்சூரன்ஸ் விற்பவன். சொந்தக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. “தங்கமான மாப்பிள்ளை, வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்று அவளைப் பெற்ற அம்மாவே மெச்சிக்கொள்வாள்.

அந்த வாய் அவன் ஒருவனுக்காக மட்டும் பேசினால் தொல்லையே இல்லை. டாக்டர் எங்கே வலிக்கிறது என்று இவளைக் கேட்டால் அவன் பதில் சொல்வான், அதுவும் தப்பான பக்கத்தைக் காட்டி. அப்பா செத்த வீட்டில் இவள் உள்ளறையில் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தபோது, “அவ அழமாட்டா, ரொம்பத் தைரியசாலி” என்று வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். லேப் முதலாளி இவளைப் பிரிவுத் தலைவி ஆக்கப் பார்த்தார். “அவளுக்குப் பொறுப்பெல்லாம் ஒத்துவராது சார்” என்று போனில் இவன் முடித்துவிட்டான். ஏன் என்று கேட்டால், “உன் மனசு எனக்குத் தெரியாதா?” என்பான். இவள் வாயடைத்து நிற்பாள். மௌனம் சம்மதம் என்று அவன் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆனால் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ‘என் அம்மா’ என்று கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். மகள் நேரே அப்பாவிடம் போய், “அம்மாவுக்கு என்னப்பா பிடிக்கும்?” என்று கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். அம்மா பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு அவளிடம் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“இன்னிக்கு ஒரு பயிற்சி” என்றார் ஆலோசகர். இரண்டு பக்கமும் தலையாட்டி ஆட்டியே களைத்துப்போன, நல்ல மனசுக்காரப் பெண்மணி. “நாற்காலி மாறி உட்காருங்க. அவர் இடத்துல நீங்க, உங்க இடத்துல அவர். அடுத்தவங்களாவே மாறிப் பேசணும். நடுவுல யாரும் குறுக்கிடக் கூடாது. சார், நீங்க ஆரம்பிங்க.”

கரும்பு தின்னக் கூலியா? அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

“எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி மேடம். மனசுல இருக்கறதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. கோவத்துல கிளம்பி வந்துட்டேன். ஆனா உள்ளுக்குள்ள வீட்டுக்குப் போகணும்னுதான் ஆசை. யாராவது வந்து கூப்பிட மாட்டாங்களான்னு ஏங்கிட்டு இருக்கேன்.”

குரல் தழுதழுத்தது. ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த தாளில் ஏதோ எழுத ஆரம்பித்தார். அவன் அத்தனை உருக்கமாகச் சொன்னதில், ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே நான் ஏங்குகிறேனோ? சந்தேகம் வந்த வேகத்தில் ஆத்திரமும் வந்தது. அடப்பாவி, இங்கேயுமா!

“இப்ப நீங்கம்மா” என்றார் ஆலோசகர். “அவரா மாறிப் பேசுங்க.”

அவள் அவனுடைய நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

“மேடம், நான் நல்லா யோசிச்சுட்டேன். விவாகரத்துக்கு எனக்கு முழுச் சம்மதம். பொண்ணு அவங்க அம்மாகிட்டயே இருக்கட்டும், நான் ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துக்கறேன். ஆறு மாசமெல்லாம் வேண்டாம். இதை அப்படியே எழுதிக்குங்க, கையெழுத்துப் போட்டுடறேன்.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்தே விட்டான்.

“நான் எப்பச் சம்மதம்னு சொன்னேன்?”

“சார், குறுக்கிடக் கூடாதுன்னு...”

“எப்படி மேடம் சும்மா இருக்க முடியும்? என்னை ஒரு வார்த்தை கேக்காம எனக்காக முடிவெடுக்க இவ யாரு? எனக்கு வாய் இல்லையா? இது என் வாழ்க்கை மேடம்!”

“உள்ளுக்குள்ள உங்களுக்கு அதான் ஆசை” என்றாள் அவள், காலைக்கூட இறக்காமல். “வாய்விட்டுச் சொல்லத் தெரியல உங்களுக்கு. உங்க மனசு எனக்குத் தெரியாதா?”

அவன் வாய் திறந்தபடியே நின்றது. ரேடியோ நின்றுபோனதை அவள் அன்றுதான் முதல்முறை பார்த்தாள். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் இரக்கப்பட்டு வீட்டுக்குப் போக முடியுமா?

“ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியல உங்களால” என்றாள். “நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தாங்கினேன்.”

ஆலோசகர் தாளைப் பார்த்தார். எழுதியிருந்ததை நிதானமாகக் கோடு போட்டு அடித்தார்.

“நீங்க சொல்லுங்கம்மா. அவரா இல்ல, நீங்களா.”

“அவ என்ன சொல்ல வர்றான்னா மேடம்...” என்று தொடங்கினான் அவன்.

“சார்!” என்றார் ஆலோசகர். அந்தக் குரலில் ஆற்றும் தொனி துளிகூட இல்லை.

“என் காயத்தை நான் வேற வீட்டுல இருந்து ஆத்திக்கறேன் மேடம். அவர்மேல எனக்குப் பகை இல்ல. என் பொண்ணு எதுவானாலும் என்னைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அங்க இருந்தா அது நடக்காது.”

“சேர வழி இல்லைன்னு எழுதறேன்” என்றார் ஆலோசகர்.

வெளியே வராந்தாவில் அவளுடைய அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இவர்களைக் கண்டதும் பரபரவென்று எழுந்து, மகளைத் தாண்டிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

“உள்ள என்ன சொன்னாங்க மாப்பிள்ளை?”

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான்.

“அம்மா” என்றாள் அவள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “கேஸ் போட்டது நான். என்னைக் கேளு.”

அம்மா அவனைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். பிறகு இவள் பக்கம் திரும்பி நின்றாள்.

“சரி” என்றாள் அம்மா. “நீ சொல்லுடி.”