மூட்டுக்குப் போட்ட பாலிஷ்

குழாய் செய்யும் பட்டறையில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். மூக்கில் கண்ணாடி கிடையாது. அவர் பாலிஷ் போட்ட குழாயில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அதனால் வந்த பெயர். முப்பது வருஷத்தில் அழுக்கோடு ஒரு உருப்படி அவர் கையை விட்டுப் போனதில்லை. அந்தப் பெருமைதான் கடைசியில் குடியைக் கெடுத்தது.

மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றே முழங்காலைத் தேய்த்தவள். செயற்கை மூட்டு வைத்த ஆறாவது மாதமே வலி. பயிற்சி போதவில்லை என்றார் டாக்டர். பயன்படுத்திய விதம் சரியில்லை என்று எழுதியது மூட்டு செய்த கம்பெனி. இவர் மட்டும் சும்மா இருந்தாரா? "வலிக்குது வலிக்குதுன்னு உக்காந்தே இருந்தா எப்படிச் சரியாகும்? உடம்பு வளையணும்" என்று இரண்டு வருஷம் நச்சரித்தார். பிறகு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால், எலும்போடு ஒட்டியிருக்க வேண்டிய உலோகத் தட்டு உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அடைத்த வாய்தான். அவள் முகத்தை நேராகப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

மறுபடியும் கீறி, அதை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். கால் மடங்குவது நின்றுபோனது. வெளியே எடுத்த செயற்கை மூட்டை அவள் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டு வாங்கி, டப்பாவில் போட்டு நாடா ஒட்டி வைத்தாள்.

அவர்கள் போய்ப் பார்த்த வழக்கறிஞர் அம்மா, ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுக் கம்பெனி மேல் வழக்குப் போடலாம் என்றார். நிபுணர் பார்க்க வேண்டும், டப்பாவில் இருப்பதை அப்படியே கொண்டு வாருங்கள் என்றார்.

"காசு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்றாள் அவள். "தப்பு என்னோடது இல்லைன்னு எழுத்துல வேணும்."

அந்த வார்த்தை அவரைக் குடைந்தது. கொண்டுபோவதற்கு முந்தின நாள் டப்பாவைத் திறந்து பார்த்தார். ஒரே கீறல், கறை, தட்டின் அடியில் ஒரு ஓரமாக, எலும்போடு ஒட்டுவதற்கு டாக்டர் பூசிய சிமெண்ட் காய்ந்து கிடந்தது. இதையா பெரிய மனுஷர்கள் முன்னால் வைப்பது? அவளிடம் சொல்லாமல் பட்டறைக்குக் கொண்டுபோனார். சாப்பாட்டு இடைவேளையில் சிமெண்டைச் சுரண்டி, பாலிஷ் போடும் துணிச் சக்கரத்தில் பிடித்தார். கல்நெஞ்சு உலோகம், லேசில் மசியவில்லை. ஒரு குழாய்க்கும் அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை. செய்த பாவத்தில் கொஞ்சமாவது கழியட்டும் என்றுதான் தேய்த்தார்.

வழக்கறிஞர் டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் இதைத் தொட்டது?"

"நான்தாம்மா. சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"சார், சிமெண்ட் எங்க ஒட்டியிருந்துச்சு, எங்க ஒட்டலைங்கிறதுதான் நம்ம கேஸே. அந்தக் கீறல்தான் சாட்சி. எல்லாத்தையும் அழிச்சுட்டு வந்திருக்கீங்க."



"வேற வழியே இல்லையா?" என்றாள் மனைவி.

"எக்ஸ்ரே படம் இருக்கு. தட்டு ஆடுச்சுன்னு அது சொல்லும். ஏன் ஆடுச்சுன்னு சொல்லாது. சமாதானமாப் போனா ஏதோ குடுப்பாங்க. ஆனா பொருள்ல குறை இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

"சிமெண்ட் எங்க இருந்துச்சுன்னு நான் பார்த்தேனேம்மா! என் கண்ணால பார்த்தேன். நான் வந்து சொல்றேன்" என்றார் அவர்.

"தேய்ச்சவரே நீங்கதானே சார். உங்க பேச்சை யார் எடுத்துப்பாங்க?"

வெளியே நடைபாதை பெஞ்சில் அவள் காலை நீட்டியபடி உட்கார்ந்தாள். அது அப்படித்தான் நீளும். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டித் தொலைத்தாலாவது தேவலை என்றிருந்தது.

"என்னங்க, அந்தத் தட்டு எப்படி இருந்துச்சு?"

"இப்ப எதுக்கு? கோர்ட்டுல செல்லாதுன்னு சொல்லிட்டாங்களே."

"கோர்ட்டுக்கு இல்ல. எனக்குச் சொல்லுங்க."

அவர் உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலால் காட்டினார்.

"இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் சிமெண்ட் பிடிச்சிருந்துச்சு. மத்த இடமெல்லாம் வழுவழுன்னு வெறுமையா இருந்துச்சு. ஒட்டவே இல்ல. முதல் நாள்லேருந்தே ஒட்டல. நீ என்ன பண்ணியிருந்தாலும்..."

அவர் விரித்த கையை மடக்கிக்கொண்டார்.

"ம், சொல்லுங்க" என்றாள் அவள்.